அம்பேத்கர் கேலிச்சித்திர விவகாரம் (2012)

என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட 11ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில் இருந்த ஒரு பழைய கார்ட்டூனை முன்வைத்து 2012 மே மாதம் நாடாளுமன்றத்தில் வெடித்த சர்ச்சை இது. ஒரு படம் யாரைப் புண்படுத்துகிறது, புண்பட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்விகள் இந்திய அரசியலில் இவ்வளவு வெளிப்படையாக மோதிக்கொண்டது அபூர்வம்.

படத்தை வரைந்தவர் சங்கர். காயங்குளத்தில் பிறந்த கேசவ சங்கரப் பிள்ளை. 1948இல் டெல்லியில் ‘சங்கர்ஸ் வீக்லி’ இதழைத் தொடங்கியவர். 1949இல் வெளியான இப்படத்தில், அரசியல் சட்டம் என்று எழுதப்பட்ட நத்தையின் மேல் அம்பேத்கர் சாட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் நேரு, அவரும் சாட்டையை ஓங்கியபடி. சுற்றிலும் கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. நேருவின் அடி விழப்போவது நத்தை மீதா, அம்பேத்கர் மீதா? சண்டை முழுவதும் இதில்தான் வந்து நின்றது.

நத்தை வேகம் என்ற கிண்டலே நியாயமானதா என்பதைப் பார்த்துவிட வேண்டும். அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 அன்று கூடியது. அம்பேத்கர் தலைமையில் 7 பேர் கொண்ட வரைவுக் குழு அமைந்ததோ 1947 ஆகஸ்ட் 29 அன்றுதான். 1948 பிப்ரவரியில் வரைவு தயார்; நவம்பர் 4 அன்று சபை முன் வைக்கப்பட்டது. மறுநாள் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து பேசினார். குழுவில் ஒருவர் விலகிவிட்டார், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவருக்கு சமஸ்தான வேலை, ஓரிருவர் டெல்லிக்கு வெகுதொலைவில். சுமை முழுக்க அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று அவர் விளக்கினார். அம்பேத்கருக்கு அப்போது உடல்நலமும் சரியில்லை.

1949 நவம்பர் 25 அன்று, தாமதப் புகாருக்கு அம்பேத்கரே பதில் சொன்னார். கொண்டுவரப்பட்ட திருத்தங்கள் 7,635; அவற்றில் முன்மொழியப்பட்டவை 2,473. அமெரிக்கா 4 மாதத்தில் முடித்தது உண்மைதான், ஆனால் அதன் சட்டத்தில் பிரிவுகள் வெறும் 7, இந்தியாவுக்கு 395. ஆஸ்திரேலியா 9 ஆண்டு எடுத்துக்கொண்டது. ஆக, தாமதம் சபை முழுவதற்கும் உரியது. படத்தில் அதைச் சுமந்தவர் ஒருவர்தான்.

பாடநூல் 2006இல் வந்தது. யோகேந்திர யாதவும் சுகாஸ் பால்ஷிகரும் அதன் தலைமை ஆலோசகர்கள். மனப்பாடத்தை ஒழிக்க நினைத்து, கார்ட்டூன்களையும், கேள்வி கேட்கும் உன்னி, முன்னி என்ற இரு பாத்திரங்களையும் சேர்த்தார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் ஆசிரியர் விளக்குவதற்குள் வகுப்பு சிரித்துவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

2012 மே 11 அன்று சிதம்பரம் தொகுதி உறுப்பினர் தொல். திருமாவளவன் மக்களவையில் பிரச்சினையைக் கிளப்பினார். அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார். ஆலோசகர்கள் இருவரும் பதவி விலகினார்கள். மறுநாள் புனே பல்கலைக்கழகத்தில் பால்ஷிகரின் அறை அடித்து நொறுக்கப்பட்டது.

படத்தை ஆதரித்தவர்கள் இரண்டு வாதங்களை வைத்தார்கள். அம்பேத்கரே அன்று ஆட்சேபிக்கவில்லை. தன்னையும் விட்டுவைக்க வேண்டாம் என்று நேரு சங்கரிடம் சொன்னவர். எதிர்த்தவர்கள் நேருவையும் அம்பேத்கரையும் ஒரே தராசில் வைக்க மறுத்தார்கள். சாதி இழிவைச் சுமக்காத பிரதமருக்குக் கேலி மறுநாள் மறந்துபோகும் விஷயம். ஒரு தலித் தலைவரின் பின்னால் ஒரு பிராமணர் சாட்டையோடு நிற்பதை, மற்ற சாதிப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்து பார்க்கும் தலித் மாணவருக்கு அது அப்படியல்ல. ஆறு ஆண்டு யாரும் முணுமுணுக்கவில்லையே என்ற மறுப்பு, மாணவரின் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டது.

பிறகு கதை திசைமாறியது. அரசியல்வாதிகளைக் கிண்டல் செய்யும் கார்ட்டூன்களையே பாடநூல்களிலிருந்து தூக்க வேண்டும் என்று பல கட்சிகளின் உறுப்பினர்கள் கேட்டார்கள். தலித்துகளின் காயத்தைக் காட்டி, அடியே படாதவர்களும் கட்டுப்போட்டுக்கொண்டார்கள். ஜூனில், இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே. லக்ஷ்மணின் கார்ட்டூனுக்கு மு. கருணாநிதி எதிர்ப்புத் தெரிவித்தார். சுகதேவ் தோரட் தலைமையிலான ஆய்வுக் குழு பல கார்ட்டூன்களை நீக்கப் பரிந்துரைத்தது. மாற்றுக் கருத்தைப் பதிவு செய்த உறுப்பினர் ஒரு தமிழர், வரலாற்றாய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன்.

2019இல் உன்னாமதி சியாம சுந்தர் 1932 முதல் 1956 வரையிலான பத்திரிகைகளில் வந்த அம்பேத்கர் கார்ட்டூன்கள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் தொகுத்து ‘நோ லாஃபிங் மேட்டர்’ என்ற நூலாக்கினார், நவயானா வெளியிட்டது. தனிப்படமாகப் பார்த்தால் கிண்டல். வரிசையாகப் பார்த்தால் அது அக்காலப் பத்திரிகைகளின் பழக்கம்.

சங்கரின் படம் பாடநூலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.