பல ஒளியளவு, ஒரே படம்: ஒரு சிறு வரலாறு



செலாயாங் வட்டாரத்தில் வாழும் நமக்குப் பத்துமலை அண்டை வீடு போன்றது. அதன் குகைக்குள் படமெடுத்தோர் ஓர் இடர்ப்பாட்டை அறிவர். மேற்திறப்பின்வழி தெரியும் வானத்திற்கேற்ப எடுத்தால் பாறையும் சன்னதியும் கருத்துவிடும். பாறைக்கேற்ப எடுத்தால் வானம் வெளுத்துவிடும். ஆகவே குறைந்த, நடுத்தர, மிகுந்த ஒளியளவுகளில் மூன்று படங்களை எடுத்து ஒன்றாக்குகிறோம். எச்.டி.ஆர். எனப்படும் இம்முறை இன்று கைப்பேசியிலேயே உண்டு. எனினும், இதன் வேர் 19ஆம் நூற்றாண்டில் உள்ளது.

அக்கால ஒளிப்படத் தகடுகள் நீல ஒளிக்கு மிகையாக வினையாற்றின. ஆதலின் நிலமோ கடலோ தெளிவாகப் பதியும் வேளையில் வானம் வெளுத்துப்போயிற்று. பிரான்சு நாட்டின் கஸ்தாவ் லெ கிரே, 1850களின் நடுவில் தம் கடற்காட்சிகள் சிலவற்றில், கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானுக்கு ஒரு நெகட்டிவ் எனக் கொண்டு இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார்.

அதே காலத்தில் தமிழகத்திலும் ஒருவர் இதே சிக்கலை எதிர்கொண்டார். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞரான லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்தார். வெறுமையான வானத்தை நிரப்ப, நெகட்டிவின்மீதே தூரிகையால் முகில்களை வரைந்தார். அவரே தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். முகில் ஒப்பனை; கல்வெட்டுச் சுருள் சான்று. இரண்டையும் செய்தது ஒரே கைதான்.

கைவேலை கணக்காக மாறியது 1990களில். 1995இல் ஸ்டீவ் மான், ரோசலிண்ட் பிக்கார்ட் இருவரும் பல ஒளியளவுப் படங்களைக் கணினியால் இணைக்கும் வழியைக் காட்டினர். 1997இல் பால் டெபெவெக், இந்தியாவில் பிறந்த ஜிதேந்திர மாலிக் ஆகியோர், அத்தகைய படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி விகிதத்தைக் கணிக்கும் முறையை வெளியிட்டனர். 2007இல் மெர்டென்ஸ் குழுவினர், ஒவ்வொரு படத்திலும் நன்கு பதிந்த பகுதிகளுக்கு மிகுந்த இடமளித்து நேரடியாகக் கலக்கும் எளிய முறையைத் தந்தனர். இலவச மென்பொருளான என்ஃபியூஸ் இவ்வழியில் இயங்குவதே.

இதனுடன் டைம்லேப்ஸ் சேரும்போது வேலை பெருகுகிறது. இரண்டு மணி நேரம், 30 வினாடிக்கு ஒருமுறை எடுத்தால் 240 தருணங்கள். தருணத்திற்கு மூன்று வீதம் 720 படங்கள். இணைத்தபின் கிடைப்பவை 240. வினாடிக்கு 24 வீதம் ஓட்டினால் பத்தே வினாடி. இதைக் கையால் செய்வார் யார்? எனவே ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைத் தொடரை எழுதுகிறோம்: மூன்று படங்களை எடு, ஒன்றன்மேல் ஒன்று பொருத்து, கல, எண்ணிட்டுச் சேமி, அடுத்த மூன்றுக்குச் செல்.

கணினி அயராது, ஆனால் ஐயுறவும் செய்யாது. இடையில் ஒரு படம் விடுபட்டால், அதன்பின் வரும் எல்லாக் கூட்டங்களும் ஒன்று தள்ளிப் பிறழும். ஆகவே மொத்தம் மூன்றால் மீதியின்றி வகுபடுகிறதா, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒளியளவு வரிசை சரியா என முதலில் சோதித்தல் வேண்டும். நம் மாணவரின் வகுத்தல் பாடத்திற்கு இதனினும் நல்ல பயன்பாடு ஏது?

வேறொன்று இன்னும் முகாமையானது. பத்துமலையில் தைப்பூசம் 1892 முதல் கொண்டாடப்பட்டு வருகிறது. அங்கே காவடி ஏந்திப் படியேறுவோர் மூன்று படங்களிலும் ஒரே இடத்தில் இரார். இணைத்தால் அவர்கள் நிழலுருவாய்த் தேய்வர். அந்நிழலை நீக்கும் வசதியைப் பயன்படுத்தினாலோ சிலர் அறவே மறைவர். பழங்காலப் படங்களிலும் ஒளி பதிய நெடுநேரம் ஆனதால் நடமாடியோர் நிலைக்கவில்லை. கோயில் நின்றது, மக்கள் காணாமற்போயினர். அன்று கருவியின் குறை; இன்று நம் தேர்வு.

எனவே, பள்ளி விழாவையோ கோயில் திருவிழாவையோ ஆவணப்படுத்துவோர் இணைத்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழித்துவிட வேண்டா. எத்தனை படங்களை எம்முறையில் இணைத்தோம் என ஒரு வரி எழுதியும் வையுங்கள். பாறையின் அழகை இணைப்புப் படம் காட்டும். அன்று அங்கே யார் இருந்தார் என்பதை மூலப் படமே சொல்லும். நம் பிள்ளைகள் நாளை தேடப்போவது அந்த முகங்களைத்தான்.