பதினேழு பேரின் கண்கள்

நிறமானியால் அளந்து சரிசெய்த கணினித் திரையில் ஒரு புகைப்படம். பக்கத்தில் அதன் அச்சுப்படி. இரண்டும் ஒத்துப்போகின்றன என்கிறது மென்பொருள். யாருடைய கண்ணுக்கு என்று கேட்டால், விடையைத் தேடி இங்கிலாந்தின் இரண்டு ஆய்வகங்களுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

1920களின் பிற்பகுதியில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் டேவிட் ரைட் பத்துப் பேரையும், டெடிங்டன் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஜான் கில்டு ஏழு பேரையும் சோதித்தனர். அவர்கள் பார்த்த ஒளிப்பரப்பு மிகச் சிறியது. நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். அதன் ஒரு பாதியில் நிறமாலையின் ஏதேனும் ஒரு நிறம். மறுபாதியில் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டியும் குறைத்தும், இரண்டுக்கும் வேற்றுமை தெரியாமல் போகும்வரை முயலவேண்டும். சில நிறங்கள் எப்படியும் இணங்குவதில்லை. அப்போது மூன்றில் ஓர் ஒளியை எதிர்ப்பாதியில் சேர்த்துவிட்டு, அதை எதிர்மறை எண்ணாகக் குறித்துக்கொண்டார்கள். (விஞ்ஞானத்தின் சாமர்த்தியங்களுள் இதை நான் மிகவும் ரசிப்பேன்.) வெவ்வேறு கருவிகளால் பெற்ற இரு முடிவுகளும் வியக்கத்தக்க வகையில் நெருங்கியிருந்தன.

அவற்றின் அடிப்படையில் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1931ல் 'திட்டப் பார்வையாளர்' என்றொருவரை வரையறுத்தது. எங்கும் பிறக்காத மனிதர் அவர். வயதேற ஏறக் கண்வில்லை மஞ்சளிப்பதெல்லாம் அவருக்கு இல்லை.

1993ல் ஆப்பிள், அடோபி, கோடாக் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து நிற மேலாண்மைக்குப் பொது விதிகள் வகுக்கப் புகுந்தபோது, இவரையே நடுவராக அமர்த்தின. திரையின் நிறம் முதலில் இவருடைய எண்ணாகும். பின்பு அந்த எண் தாளில் விழும் மையின் அளவாகும். அச்சுப்படியை ஏறத்தாழ 5000 கெல்வின் ஒளியில் பார்ப்பதாகவும் ஓர் அனுமானம் உண்டு. வரவேற்பறையின் மஞ்சள் விளக்கில் அது பொய்த்துப்போவதற்குத் தாளைக் குறைசொல்லிப் பயனில்லை.

நீலக்கோடியில் அந்தப் பார்வையாளரின் கண் சற்று மந்தம் என்பதை 1951லேயே டீன் ஜட் திருத்திக் காட்டினார். நாற்பத்தொன்பது பேரைச் சோதித்த ஸ்டைல்ஸ், பர்ச் ஆகியோரின் அளவீடுகளைத் துணைகொண்டு 1964ல் இரண்டாவது பார்வையாளரும் வந்தார். ஆயினும் அச்சுத்துறை பழையவரையே வைத்துக்கொண்டது. குறுகிய அலைநீளப் பட்டைகளால் நிறம் காட்டும் இன்றைய விரிநிறத் திரைகளில் இதன் விளைவு கண்கூடு: ஒரே திரையையும் ஒரே படியையும் பார்க்கும் இருவர், 'பொருந்துகிறது', 'இல்லை' என்று வாதிட, இருவர் சொல்வதும் உண்மையாயிருக்கக்கூடும். ஆகவேதான், அளவீடெல்லாம் முடிந்தபின்னும், வெற்றுத்தாளை விளக்கடியில் வைத்துக்கொண்டு திரையின் வெண்மையைக் கண்ணாலேயே சற்று நகர்த்திக்கொள்ளும் வழக்கம் தேர்ந்த அச்சாளர்களிடம் இன்னும் இருக்கிறது.