பீடம் ஒன்று, வழிகள் இரண்டு

திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த வடக்கன்குளத்தில் 1872-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற திருக்குடும்பக் கோயில் விந்தையான அமைப்புடையது. பீடம் ஒன்றே, ஆனால் அதை நோக்கி வரும் மண்டபங்கள் இரண்டு. கால்சட்டையின் இரு கால்களைப் போல் அவை பிரிந்து நின்றன. ஒன்றில் வெள்ளாளரும் அவரைச் சார்ந்தோரும், மற்றொன்றில் நாடாரும் பிறரும் அமர்ந்தனர். இடையில் சுவர். ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரின் முகத்தைக் காணாமலே ஒரே திருப்பலியில் பங்கேற்றுத் திரும்பலாம்.

இதே ஊரில்தான் 1745-ஆம் ஆண்டில் நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராது எல்லாரோடும் பழகிய அவர், 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். அந்த மறைசாட்சி இரத்தம் சிந்தி நூற்றிருபது ஆண்டுகள் ஆன வேளையில், அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே சாதிக்கென ஒரு கோயில் எழுந்து நின்றது!

சுவர் வேண்டும் என்றவர்கள் விசுவாசம் அற்றவர்களா? அப்படிச் சொல்ல இயலாது. செபமாலை சொன்னார்கள், நோன்பு காத்தார்கள், தங்கள் பிள்ளைகளைத் திருமுழுக்குத் தொட்டிக்குக் கொண்டுவந்தார்கள். ஓயாத சாதிப் பூசலுக்கு ஓர் உடன்பாடாகவே இரட்டை மண்டபம் எழுந்தது. கண்டித்தால் மந்தை சிதறிவிடுமோ என்ற அச்சம் மேய்ப்பர்களுக்கும் இருந்தது. இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். திருச்சபையைக் கடவுள் காப்பார் என்று நாவு அறிக்கையிட்டது. சுவர்தான் காக்கும் என்று கை கட்டியது. அன்புக் கட்டளையை மீறியது மட்டுமன்று அதிலுள்ள முரண்பாடு. இறைவனை நம்பத் துணியாததும் அதில் அடங்கியிருந்தது.

1910-ஆம் ஆண்டில், இயேசு சபையைச் சார்ந்த கௌசானல் அடிகளார் காலத்தில், அச்சுவர் இடிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. தனித்து அமரும் உரிமை கோரியோரின் வாதம் அங்கே நிலைக்கவில்லை. சுவர் வீழ்ந்தது, ஆயினும் திருச்சபை வீழவில்லை. அந்த ஊரில் இன்றும் திருப்பலி தொடர்கிறது.

ஆனால் சுவர்கள் எல்லாம் வீழ்ந்துவிட்டனவா? 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளும் சாதிப் பாகுபாடு உண்டென்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. இத்தகைய உண்மையை எதிர்கொள்ளும்போது இரு சோதனைகள் நம்மைச் சூழ்கின்றன. ஒன்று, 'நாம் வேடதாரிகள். நமக்கு இனி மன்றாட முகமில்லை' என்னும் அவநம்பிக்கை. மற்றொன்று, 'கடவுள் இரக்கமுள்ளவர். எப்படியும் பொறுத்துக்கொள்வார்' என்னும் அலட்சியம். யூதாசும் பேதுருவும் ஒரே இரவில் பிழை செய்தவர்கள். இருவரும் மனம் வருந்தினார்கள். ஆனால் பேதுரு ஆண்டவரின் பார்வையைத் தாங்கி அழுதார். பின்னர் ஏரிக்கரையில் அவருடைய கேள்விக்கு முகம் கொடுத்தார். நம்பிக்கை அவருடைய குற்றத்தை மூடி மறைக்கவில்லை. அதை ஆண்டவர்முன் வைக்கத் துணிவு தந்தது.

நம் நீலமலையில், காந்தல் குருசடித் திருத்தலத்தில், ஆண்டவருடைய சிலுவையின் திருப்பண்டத்தை வணங்க மலைத் தோட்டங்களிலிருந்தும் சமவெளியிலிருந்தும் இறைமக்கள் வருகின்றனர். பிரித்து நின்ற பகைமைச் சுவரைக் கிறிஸ்து தம் உடலிலேயே தகர்த்தார் என்று எபேசியர் திருமுகம் கற்பிக்கிறது. அச்சிலுவையை முத்தமிடும் உதடுகள், பந்தியிலும் திருமணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் என்ன பேசுகின்றன?

நம் செயல் நம் விசுவாசத்தோடு முரண்படும்போதும் இறைவன் தம் வாக்கில் மாறாதவர். அதுவே நமக்கு ஆறுதல். அந்த ஆறுதலை உண்மையாகவே பெற்றவர், தம் வீட்டுச் சுவரிலிருந்து முதற்கல்லைப் பெயர்க்க அஞ்சமாட்டார்.