வண்ணாரும் வண்ணமும்

வண்ணத் துணிகளோடு புழங்கியவர் வண்ணார். அவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. வடசென்னையின் ஊர்ப்பெயர்களை விளக்க வருகிறவர்கள் இப்படித்தான் தொடங்குகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள் தொகுப்பும் ஸ்டூவர்ட்டைச் சான்று காட்டி, அழகு எனப் பொருள்படும் வண்ணமே மூலம் என்றது. செய்த தொழிலை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கிழக்கிந்தியக் கும்பினியார் ராயபுரத்தை ஒட்டிய வெளியில் இவர்களைக் குடியேற்றியது எதற்காக? கப்பலேறும் துணியை வெளுக்க. கும்பினிக் கணக்குகளில் துணியைப் 'பிரவுன்' என்று எழுதியிருந்தால், பழுப்புச் சாயம் ஏறிய துணி என்று படிக்கக் கூடாது. தறியிலிருந்து இறங்கியபடியே இருக்கும், வெளுக்காத துணி அது. நம் ஜவுளிக்கடைக்காரர் கோரா என்பது. அந்தப் பழுப்பைப் போக்கி வெள்ளையாக்குவதே இங்கே நடந்த வேலை. உவர்மண் கரைத்த நீரில் முக்கி, பிழிந்து, பானையின் வாயைச் சுற்றி அடுக்கி, இரவெல்லாம் ஆவி ஏற்றுவார்கள். விடிந்ததும் கல்லில் அடித்து, வெயிலில் விரித்து, காயக் காய நீர் தெளிப்பார்கள். வெள்ளாவி என்ற சொல்லிலேயே வெள்ளை இருக்கிறது. வெளுத்தல் என்றாலே துவைத்தல் என்று ஆனதும் இதனால்தான். சாயம் ஏற்றியவர் சாயக்காரர். அவர் கைக்குத் துணி போகுமுன் அது வெளுத்திருக்க வேண்டும். நிறத்தைப் போக்குகிறவருக்கு நிறத்தால் பெயர் வைப்பார்களா?

மூலம் மண்ணுதல், அதாவது கழுவுதல். புலவர் மோசிகீரனார் முரசுகட்டிலில் ஏறித் தூங்கியபோது முரசு எங்கே போயிருந்தது? நீராட்டப் போயிருந்தது. புறநானூறு 50ஆம் பாட்டு அதை மண்ணுதல் என்றே சொல்கிறது. வள்ளல் பேகன் மனைவியின் கூந்தலைக் கழுவவும் மணியை மாசறத் துலக்கவும் 147இல் பெருங்குன்றூர் கிழாருக்கு இதே வினைதான். தொல்காப்பியத்தின் மண்ணுமங்கலம் யாவரும் அறிந்தது. மண்ணுகிறவர் மண்ணார், மகரம் வகரமாகி வண்ணார். மிஞ்சு, விஞ்சு ஆகவில்லையா? வானத்தை மானம் என்று நம் கிராமத்தார் சொல்லவில்லையா? மலையாள நாட்டில் வடக்கே வண்ணான், தெற்கே மண்ணான் என்று இந்தத் தொழிலாருக்கு இரு வடிவமும் வழங்குகின்றன. இதற்கு மேல் என்ன வேண்டும்?

வண்ணக்கனைக் காட்டி வாதிடுவோர் உண்டு. சங்கப் புலவர் வடமவண்ணக்கன் தாமோதரனார் பெயரில் உள்ள அந்தச் சொல் பொன்னும் காசும் நோட்டம் பார்த்தவரைக் குறிப்பது. உரைகல்லில் பொன்னின் நிறம் பார்த்தவருக்கு வண்ணம் பொருந்தும். அதைத் துறைக்கல்லுக்கு இழுத்து வருவது ஒலி ஒப்புமையில் மயங்குவது.

சங்கப் பாட்டில் வண்ணார் என்ற வடிவம் இல்லையே என்பார்கள். ஆள் இருக்கிறாரே! புறம் 311இல் களர்நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் துணி வெளுக்கும் புலைத்தியின் கையில் இருப்பதும் உவர்தான், வெள்ளைதான். காழியர், ஈரங்கொல்லி, ஏகாலி என இத்தொழிலாருக்கு வேறு பெயர்களும் உண்டு; அவற்றில் ஒன்றுகூட நிறத்தைச் சுட்டவில்லை. வண்ணார் மண்ணியவர், வண்ணத்துக்கும் அவர் பெயருக்கும் உறவில்லை.