கடிதத்தின் கீழே ஒரு விலாசம்

வாசகர் கடிதத்தின் கீழே எழுதியவரின் முழு விலாசத்தையும் அச்சிடுவதா, பெயரோடும் ஊரோடும் நிறுத்திக்கொள்வதா என்பது ஒரு பத்திரிகை ஆசிரியரின் மேஜையில் அரை நிமிஷத்தில் தீர்ந்துபோகிற காரியம். இடம் மிச்சம் என்று விலாசத்தை அடித்துவிடுபவர்களே அதிகம். அமெரிக்கச் சித்திரக்கதைகளின் ரசிகர் வட்டம் என்று இன்று அறியப்படுவது இந்த அரை நிமிஷத் தீர்மானத்திலிருந்து பிறந்தது. அந்த வட்டத்தின் சரித்திரத்தைப் பார்க்கும்போது ஒரு கேள்வி விடாமல் கூடவே வருகிறது. வாசகன் தன் அபிப்பிராயத்தை யாரைப் பார்த்துச் சொல்கிறான்?

ரசிகர் என்றதும் நமக்குக் கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. இவர்கள் அந்த ரகம் இல்லை. மருந்துக் கடையின் சுழலும் கம்பித் தட்டிலிருந்து 10 சென்ட் கொடுத்து வாங்கிய மலிவுப் புத்தகத்தை மூன்று தடவை படித்துவிட்டு, போன இதழுக்கு மை போட்டவர் இந்த இதழுக்குப் போடவில்லை, அதனால்தான் முகங்கள் செத்துக் கிடக்கின்றன என்று எழுதிப்போட்டவர்கள். இதைச் சொல்ல அவர்களுக்கு அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. ஊருக்கு ஒருவர்தான் அப்படி இருந்தார்.

விலாசத்தின் கதை சித்திரக்கதைக்கு முன்பே ஆரம்பிக்கிறது. 1926இல் ஹ்யூகோ கெர்ன்ஸ்பாக் 'அமேஸிங் ஸ்டோரீஸ்' என்ற விஞ்ஞானக் கதைப் பத்திரிகையைத் தொடங்கினார். அதன் கடிதப் பகுதியில் எழுதியவர்களின் விலாசங்களும் வெளிவந்தன. அவர்கள் ஆசிரியரை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். 1932இல் நியூயார்க் இளைஞர்களான ஜூலியஸ் ஷ்வார்ட்ஸும் மார்ட் வைஸிங்கரும் 'தி டைம் டிராவலர்' என்ற சிறுபத்திரிகையை நண்பர்களோடு சேர்ந்து கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு க்ளீவ்லந்தில் ஜெர்ரி ஸீகல் என்ற பள்ளி மாணவர் 'ஸயன்ஸ் ஃபிக்ஷன்' என்ற பெயரில் ஒன்றைச் சைக்ளோஸ்டைலில் அடித்தார். ஸூப்பர்மேன் என்ற பெயரை அவர் முதலில் பயன்படுத்தியது அதன் 1933 ஜனவரி இதழில். அந்தக் கதையில் அவன் வில்லன். படம் வரைந்தவர் ஜோ ஷுஸ்டர். 1938இல் அந்தப் பெயர் ஒரு கதாநாயகனுடையதாகி 'ஆக்ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வெளிவந்தபோது, இருவரும் அவனை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

சித்திரக்கதைப் புத்தகத்துக்குள் கடிதப் பகுதி நிலைபெற்றதற்கு இலக்கியக் காரணம் கிடையாது. பத்திரிகைகளுக்கான சலுகைத் தபால் கட்டணம் வேண்டுமென்றால் படமில்லாத எழுத்தும் ஓரளவு இருந்தாக வேண்டும் என்று தபால் இலாகா எதிர்பார்த்தது. பல வருஷங்கள் யாரும் படிக்காத குட்டிக் கதைகளைப் போட்டு அந்தப் பக்கங்களை நிரப்பினார்கள். கடிதம் அதைவிட மலிவு. எழுதுபவனுக்குக் கூலி கொடுக்க வேண்டாம். ஒரு விமர்சன மரபு தபால் கட்டணத்தின் இடுக்கில் முளைத்தது என்றால் நம்பக் கடினம்தான். ஆனால் மரபுகள் பெரும்பாலும் இப்படித்தான் முளைக்கின்றன.

1953இல் வில்லியம் கெய்ன்ஸின் இ.சி. நிறுவனம் தன் வாசகர்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தது. அதையொட்டி வாசகர்களே நடத்திய தாள்களும் வந்தன. அடுத்த ஆண்டே எல்லாம் கலைந்தது. மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்த்தம், சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் குற்றத்துக்கு இழுக்கின்றன என்று ஒரு புத்தகம் எழுதினார். ஸெனட் விசாரணை வைத்தது. பயந்துபோன பதிப்பாளர்கள் தாங்களாகவே ஒரு தணிக்கை முறையை ஏற்படுத்திக்கொண்டார்கள். இ.சி.யின் திகில் கதைகள் நின்றன.

விலாசம் திரும்பி வந்தது பழைய சிறுபத்திரிகைக்காரர் கையால். ஷ்வார்ட்ஸ் அப்போது டிசி நிறுவனத்தில் ஆசிரியர். 1956இல் ஃப்ளாஷ் என்ற பழைய நாயகனுக்குப் புது உருவம் கொடுத்திருந்தார். 1960களின் தொடக்கத்தில், தான் இளைஞராக இருந்தபோது படித்த பத்திரிகைகளைப் போலவே, கடிதங்களின் கீழே முழு விலாசம் போட்டார். நல்ல கடிதம் எழுதியவருக்கு அச்சுக்குப் போய்வந்த மூலச் சித்திரத்தைப் பரிசாக அனுப்பினார். நிறுவனங்கள் அவற்றைக் குப்பையாகக் கருதிய காலம் அது.

டெட்ராய்டில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஜெர்ரி பெய்ல்ஸும் மிஸ்ஸூரி மாணவர் ராய் தாமஸும் சேர்ந்தது ஒரு பழைய இதழின் பொருட்டு. 1940களின் 'ஆல் ஸ்டார் காமிக்ஸ்' பிரதிகளைத் தேடி அதன் கதாசிரியர் கார்ட்னர் ஃபாக்ஸுக்குத் தாமஸ் எழுதினார். தன்னிடமிருந்தவற்றைப் பெய்ல்ஸுக்கு விற்றுவிட்டதாகப் பதில் வந்தது. அப்படி அறிமுகமான இருவரின் உறவிலிருந்து 1961இல் 'ஆல்ட்டர் ஈகோ' வந்தது. சைக்ளோஸ்டைலுக்குத் தம்பி முறையாகிற ஸ்பிரிட் டூப்ளிகேட்டரில், வெளிறிய ஊதா மையில், பெய்ல்ஸ் அடித்து அனுப்பினார். யாருக்கு அனுப்புவது? கடிதப் பகுதிகளில் விலாசங்கள் இருந்தன. 1964இல் அவர் இன்னொரு ஏற்பாடு செய்தார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் பக்கங்களைத் தாமே அச்சடித்து ஒருவருக்கு அனுப்ப வேண்டும். அவர் எல்லாவற்றையும் அடுக்கித் தைத்து எல்லோருக்கும் ஒரு கட்டு அனுப்புவார். அடுத்த கட்டில் முந்திய கட்டின்மீது சண்டை நடக்கும். இதில் வெறும் வாசகன் என்று ஒருவன் கிடையாது. சந்தா கட்டிவிட்டுச் சும்மா இருப்பவனுக்கு இடமில்லை.

இவர்கள் என்ன சாதித்தார்கள்? ஒரு உதாரணம் போதும். டொனால்ட் டக் கதைகளை வரைந்தவர்கள் பலர். எல்லாவற்றின் மேலும் வால்ட் டிஸ்னி என்ற ஒரே பெயர். ஆனால் அவற்றில் ஒரு கை மட்டும் வேறு என்று குழந்தைகள் கண்டுகொண்டார்கள். பெயர் தெரியாததால் 'நல்ல வாத்துக்காரர்' என்று வைத்துக்கொண்டார்கள். பிறகு விடாமல் விசாரித்துப் பெயரைக் கண்டுபிடித்தார்கள்: கார்ல் பார்க்ஸ். 1942 முதல் அந்தக் கதைகளை எழுதியும் வரைந்தும் வந்தவர். 1960 வாக்கில் முதல் ரசிகர் கடிதம் கைக்கு வந்தபோது அவருக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. தெரிந்தவர் யாரோ விளையாடுகிறார் என்று சந்தேகப்பட்டாராம். இத்தாலியச் சித்திரங்களில் பெயரில்லாத கைகளைப் பிரித்தறியப் பெரன்ஸன் எப்படிக் கண்ணைப் பழக்கினாரோ, அதே பழக்கத்தை இந்தப் பையன்கள் பல்கலைக்கழக உதவியில்லாமல் அடைந்தார்கள். கோட்டின் ஓட்டத்தையும் கதை நகரும் கதியையும் பார்த்து இது இவர், இது அவரல்ல என்று சொல்வது அபிப்பிராயம் அல்ல. அது விமர்சனத்தின் முதல் படி. 1973இலிருந்து 1976க்குள் பெய்ல்ஸும் ஹேம்ஸ் வேரும் நான்கு பாகங்களாகக் கொண்டுவந்த சித்திரக்கதைக்காரர்களின் பெயர் அகராதி இந்த உழைப்பின் அறுவடை.

கை யாருடையது என்ற கேள்வி வெறும் ரசனையோடு நிற்கவில்லை. பெயர் தெரிந்துவிட்டால், அந்தப் பெயருக்குரியவன் எப்படி வாழ்கிறான் என்பதும் தெரிந்துவிடுகிறது. வறுமையில் இருந்த ஸீகலுக்கும் பார்வை மங்கிவிட்ட ஷுஸ்டருக்கும் 1975இல் சக சித்திரக்காரர்கள் முன்நின்று போராடி, ஆண்டுக்கு ஆளுக்கு 20,000 டாலர் உதவித் தொகையும் கதையின் மேல் இருவர் பெயரும் கிடைக்கச் செய்தார்கள். அந்த வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே ஜெயித்ததற்கு, யார் இவர்கள் என்று சொல்லத் தெரிந்த ஒரு வாசகத் தலைமுறை இருந்ததும் காரணம்.

இதே வருஷங்களில் கதையின் மறுபக்கமும் நடந்துகொண்டிருந்தது. மார்வல் நிறுவனத்தின் ஸ்டான் லீ கடிதப் பகுதியின் பலத்தை வேறு விதமாகப் புரிந்துகொண்டவர். ஆசிரியர் அவர்களுக்கு என்று எழுத வேண்டாம், ஸ்டானுக்கும் ஜாக்குக்கும் என்று எழுதுங்கள் என்றார். பதில்களில் தோளில் கை போட்டுப் பேசினார். கதையில் ஒரு தவறைக் கண்டுபிடித்து, அது ஏன் தவறில்லை என்று சமாதானமும் சொல்லிவிடுகிற வாசகனுக்கு ஒரு பரிசு உண்டு. தபாலில் காலி உறை வரும். உள்ளே ஒன்றுமில்லை என்பதுதான் பரிசு. அழகான வேடிக்கை, வாங்கியவர்கள் பத்திரப்படுத்தினார்கள். ஆனால் தவறைக் காட்டும் விமர்சகனைத் தவறுக்கு வக்காலத்து வாங்குபவனாக மாற்றுவதற்கு இதைவிடச் செலவில்லாத வழி இருக்க முடியாது. மார்வலும் விலாசங்களை அச்சிட்டது. ஆனால் கடிதத்தின் முகம் சக வாசகனிடமிருந்து ஆபீசை நோக்கித் திரும்பிவிட்டது.

ஆபீசும் கதவைத் திறந்தது. 1965இல் ராய் தாமஸ் நியூயார்க் போனார். முதலில் டிசியில் அவருக்கு வேலை கொடுத்தவர், முன்பு சிறுபத்திரிகை நடத்திய அதே வைஸிங்கர். சில நாட்களில் தாமஸ் மார்வலுக்கு மாறினார். 1972இல் லீயின் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அழைத்துவந்தவர்களில் ஒருவர் டென்னிஸ் ஓ'நீல். ரசிகனாக இருந்தவன் எழுத்தாளனாவதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். குற்றமில்லை. ஆனால் வட்டத்தில் உரக்கப் பேசியவர்கள் சம்பளக்காரர்களானபோது வட்டத்தின் பேச்சில் ஒரு எச்சரிக்கை வந்து புகுந்தது. நாளைக்கு வேலை கேட்கப்போகிற இடத்தைப் பற்றி இன்றைக்கு எவ்வளவு கடுமையாக எழுதலாம்?

1973 இந்தச் சரித்திரத்தில் விசித்திரமான வருஷம். வெர்த்தம் மீண்டும் ஒரு புத்தகம் எழுதினார். இந்தத் தடவை ரசிகர்களின் சிறுபத்திரிகைகளைப் பற்றி, பாராட்டி. லாப நோக்கமில்லாமல் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதன் ஆரோக்கியத்தை அவற்றில் அவர் கண்டார். நியூயார்க் மாநாட்டுக்கு அழைக்கப்பட்டுப் போனவரைக் கூட்டம் விரோதத்தோடு எதிர்கொண்டது. பழைய காயம் ஆறவில்லை. வட்டத்தின் மதிப்பை வெளியிலிருந்து முதலில் சொன்னவர், அதன் முதல் எதிரி.

அதே வருஷம் அந்த மாநாடுகளை நடத்திவந்த ஃபில் ஸூலிங் என்ற ப்ரூக்ளின் பள்ளி ஆசிரியர், பதிப்பாளர்களிடம் ஒரு யோசனை சொன்னார். அதுவரை விற்காத பிரதிகள் திரும்பிப் போகும். இனிமேல் நேராகக் கொடுங்கள், கழிவு கூடக் கொடுங்கள், விற்காதது எங்கள் தலையில் என்றார். ரசிகர்களே கடை வைத்து ரசிகர்களுக்கே விற்கும் முறை இதிலிருந்து வளர்ந்தது. இதனால் நன்மை உண்டு. சொற்பப் பிரதிகளே விற்கக்கூடிய நல்ல காரியங்கள் வெளிவர வழி பிறந்தது. ஆனால் கடைக்காரன் மாதங்களுக்கு முன்பே எண்ணிக்கை சொல்லியாக வேண்டும். புத்தகத்தை யாரும் படிப்பதற்கு முன்பே அதன் கதி தீர்ந்துவிடுகிறது. பிற்பாடு புதன்கிழமை என்று வழக்கமாகிவிட்ட அந்த வாராந்தர நாளில் கடையில் கூடி, வந்த இதழ்களைப் புரட்டிச் சண்டை போடுகிற பேச்சு, சந்தோஷமான பேச்சு. ஆனால் தீர்ப்பு எழுதி முடித்த வழக்கில் நடக்கிற வாதம் அது.

எதிர்க்குரல் இல்லாமலில்லை. 1976இல் கேரி க்ராத்தும் மைக் காட்ரனும் தொடங்கிய 'தி காமிக்ஸ் ஜர்னல்' சித்திரக்கதையை மற்றக் கலைகளுக்குரிய தராசிலேயே நிறுத்தது. பெரும்பாலானவை குப்பை என்று சொன்னது. அதன் வாசகர்களே கோபப்பட்டார்கள். ஜாக் கர்பியின் மூலச் சித்திரங்களை மார்வல் திருப்பித் தர மறுத்தபோது விடாமல் எழுதியது அந்தப் பத்திரிகைதான். 1987இல் ஒரு பகுதி திரும்பி வந்தது. ஹெர்னாண்டஸ் சகோதரர்கள் தாங்களே அச்சடித்த 'லவ் அண்ட் ராக்கெட்ஸ்' இதழை விமர்சனத்துக்கு அனுப்பியபோது, க்ராத் அதைப் பதிப்பிக்க முன்வந்தார். 1982இல் வந்தது. கடுமையாக எழுதிய இடத்திலிருந்துதான் நல்லது ஒன்றும் வெளியே வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடைசிக் காட்சி 1988. பேட்மனின் துணைவன் ராபின், அதாவது ஜேஸன் டாட், வெடி விபத்தில் சிக்கியிருக்கிறான். சாகட்டுமா, பிழைக்கட்டுமா? இரண்டு தொலைபேசி எண்கள். ஒரு அழைப்புக்கு 50 சென்ட். செப்டம்பரில் 36 மணி நேரம். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், பிழைக்கட்டும் என்று 5,271. வித்தியாசம் 72. பையன் செத்தான். இதை நடத்திய ஆசிரியர் ஓ'நீல், அந்த வட்டத்தின் வழியாக வந்தவர். இத்தனை வாசகர்கள் ஒரே சமயத்தில் கதையைப் பற்றி அபிப்பிராயம் சொன்னது அதற்கு முன் இல்லை. ஒருவர்கூட ஏன் என்று சொல்லவில்லை. சொல்ல இடமில்லை. ஒருவனே பல தடவை காசு கொடுத்துக் கூப்பிட்டிருக்கலாம். 72 பேர் யார் என்று யாருக்கும் தெரியாது. 2002இல் டிசி தன் இதழ்களில் கடிதப் பகுதியையே நிறுத்தியது. பிறகு சில இதழ்களில் திரும்பியது என்றாலும், பழைய இடம் அதற்குத் திரும்பவில்லை.

வாசகனின் குரல் நசுக்கப்பட்டது என்று இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நாளுக்கு நாள் அதற்கு மரியாதை கூடிக்கொண்டேதான் போயிற்று. முதலில் அச்சிட்டார்கள், பிறகு பரிசு கொடுத்தார்கள், வேலை கொடுத்தார்கள், கடைசியில் ஒரு பாத்திரத்தின் உயிரையே கையில் கொடுத்தார்கள். ஊதா மையில் சில நூறு பேர் தங்களுக்குள் சண்டையிட்டபோது அவர்கள் கையில் எந்த அதிகாரமும் இல்லை. ஒரு கிழவரின் பெயரைக் கண்டுபிடித்து அவருக்குக் கடிதம் எழுத மட்டும் முடிந்தது.

பார்க்ஸ் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதினார். கீழே விலாசம் இருந்தது.