முதல் இசைத்தொகுப்பும் அட்டையில் இடம்பெறாத குரலும்: 'மீட் தி சுப்ரீம்ஸ்' (1962) – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் உருவான 'தி சுப்ரீம்ஸ்' என்னும் பெண்கள் குரலிசைக் குழுவின் முதல் இசைத்தொகுப்பான 'மீட் தி சுப்ரீம்ஸ்' 1962 டிசம்பரில் வெளிவந்தது. விற்பனையில் வெற்றி பெறாத இத்தொகுப்பு, 1964க்குப் பிந்தைய புகழுக்கான பயிற்சிக் காலமாகவே பெரிதும் சுட்டப்படுகிறது. அத்தொகுப்பை இரண்டாண்டுக் கால ஒலிப்பதிவுகளின் ஆவணமாகக் கொண்டு ஆராயும் இக்கட்டுரை, குழுவில் தலைமைக் குரல் முடிவாகாதிருந்த நிலையையும், நான்காம் பாடகியின் பங்களிப்பு மறைந்த விதத்தையும் எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மோடவுன், சுப்ரீம்ஸ், டெட்ராய்ட், இசைத்தட்டு வரலாறு, பெண் குரலிசைக் குழு, ஒலிப்பதிவு ஆவணம்.

முன்னுரை

வெகுமக்கள் இசையின் வரலாறு பெரும்பாலும் வெற்றிப் பாடல்களை அளவுகோலாகக் கொண்டே எழுதப்படுகிறது. புகழ் பெற்ற ஒரு குழுவின் தொடக்ககால ஆக்கங்கள், பின்னர் வந்த வெற்றியை நோக்கிய படிகளாக மட்டும் வாசிக்கப்படுகின்றன. இவ்வாசிப்பில் இரு இடர்ப்பாடுகள் உள்ளன. ஒன்று, அக்காலத்தில் திறந்திருந்த பிற வழிகள் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றன. மற்றொன்று, வெற்றி வருமுன்னரே விலகியவர்களின் உழைப்பு கணக்கில் சேர்வதில்லை. சுப்ரீம்ஸ் குழுவின் முதல் தொகுப்பு இவ்விரண்டுக்கும் தக்க சான்றாகும்.

குடியிருப்பிலிருந்து ஒலிப்பதிவுக்கூடத்திற்கு

1959இல் 'தி பிரைமெட்ஸ்' என்னும் பெயரில் இக்குழு தோன்றியது. ஃபுளோரன்ஸ் பல்லார்ட், மேரி வில்சன், டயானா ராஸ், பெட்டி மெக்லோன் ஆகிய நால்வர் இதில் பாடினர். பல்லார்ட், வில்சன், ராஸ் மூவரும் டெட்ராய்ட்டின் புரூஸ்டர் பொதுக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். தென் மாநிலங்களிலிருந்து தொழில் நகரங்களுக்குப் பெயர்ந்த கறுப்பினக் குடும்பங்கள் மிகுதியாக வாழ்ந்த பகுதி அது. 'தி பிரைம்ஸ்' என்னும் ஆண்கள் குழுவுக்கு இணையான சகோதரக் குழுவாகவே இது முதலில் எண்ணப்பட்டது. அந்த ஆண்கள் குழுவைச் சேர்ந்த எடி கெண்ட்ரிக்ஸும் பால் வில்லியம்ஸும் பின்னர் 'தி டெம்டேஷன்ஸ்' குழுவில் புகழ் பெற்றனர்.

பெர்ரி கோர்டி 1959இல் தம் குடும்பத்தாரின் பொதுச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் பெற்றுத் தம் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். மேற்கு கிராண்ட் பூலவார்டில் 2648ஆம் எண்ணுடைய வீடு அதன் அலுவலகமாயிற்று. வீட்டின் பின்பகுதியில் இருந்த புகைப்பட நிலையம் ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றப்பட்டது. மோட்டார் வாகன ஆலையில் பணியாற்றிய கோர்டி, அங்குக் கண்ட தொடர் உற்பத்தி முறையைப் பாடல் தயாரிப்புக்கும் முன்மாதிரியாகக் கொண்டதைத் தாமே பிற்காலத்தில் எடுத்துரைத்துள்ளார்.

1960இல் ஸ்மோக்கி ராபின்சன் வழியாக இக்குழுவுக்குக் குரல் தேர்வு வாய்த்தது. பிரைமெட்ஸுக்குக் கிதார் வாசித்த மார்வ் டார்ப்ளின், அதன்பின் ராபின்சனின் 'தி மிராக்கிள்ஸ்' குழுவுடன் இணைந்தார். பெண்கள் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வரவேண்டும் என்று கோர்டி கூறியபோதும், அவர்கள் ஒலிப்பதிவுக்கூடத்திற்கு வருவதை நிறுத்தவில்லை. பிறர் பாடல்களுக்குக் கைதட்டுவதும் பின்னணிக் குரல் கொடுப்பதும் அவர்களின் பணியாயின. 1960இல் மெக்லோன் திருமணத்திற்காக விலக, பார்பரா மார்ட்டின் அவ்விடத்தில் சேர்ந்தார்.

1961 ஜனவரி 15 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அப்போது ராஸுக்கும் வில்சனுக்கும் வயது 16, பல்லார்டுக்கு 17. குழுவின் பெயரை மாற்றவேண்டும் என்பது நிறுவனத்தின் விருப்பம். பட்டியலிலிருந்து 'சுப்ரீம்ஸ்' என்னும் பெயரைத் தெரிவு செய்தவர் பல்லார்ட். மற்றவர்களுக்கு முதலில் அப்பெயர் உவப்பாக இல்லை. பிற்காலத்தில் குழுவை விட்டு நீக்கப்பட்டவரே அதற்குப் பெயர் சூட்டியவர் என்பது கருதத்தக்கது.

தனிப்பாடல் இசைத்தட்டும் நெடுந்தட்டும்

1948இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33 1/3 சுழற்சியுடைய நெடுந்தட்டையும், 1949இல் ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுழற்சியுடைய சிறுதட்டையும் அறிமுகப்படுத்தின. 1960களின் தொடக்கத்தில் இளையோர் இசைச் சந்தை சிறுதட்டையே சார்ந்திருந்தது. ஒரு சிறுதட்டு வெற்றி பெற்றபின், அப்பாடலை முன்னிறுத்தி நெடுந்தட்டு வெளியிடுவதே பொதுவழக்கு. இங்க்ஸ்டர் நகரப் பள்ளியிலிருந்து வந்த 'தி மார்வலெட்ஸ்' குழுவின் 'பிளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' 1961 டிசம்பரில் பில்போர்டு 100 பாடல் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதே பெயரில் அக்குழுவின் முதல் தொகுப்பும் உடனுக்குடன் வெளிவந்தது.

சுப்ரீம்ஸின் நிலை வேறு. 1961இல் வந்த 'ஐ வான்ட் எ கை', 'பட்டர்டு பாப்கார்ன்' ஆகிய இரு சிறுதட்டுகளும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. 1962இல் 'யுவர் ஹார்ட் பிலாங்ஸ் டு மீ' 95ஆம் இடத்தையும், 'லெட் மீ கோ தி ரைட் வே' 90ஆம் இடத்தையும் எட்டின. முன்னிறுத்துவதற்கு ஒரு வெற்றிப் பாடலும் இல்லாத நிலையில்தான் நெடுந்தட்டு வெளியாயிற்று.

இந்த நான்கு பாடல்களும், சிறுதட்டுகளின் பின்பக்கப் பாடல்கள் சிலவும் தொகுப்பில் இடம்பெற்றன. எனவே இது ஒரே காலத்தில் திட்டமிட்டு உருவாக்கிய ஆக்கமன்று. 1960 இறுதி முதல் 1962 வரை சேர்ந்த பதிவுகளின் திரட்டு. பாடல் உரிமையும் நிறுவனத்தின் உள்வட்டத்திலேயே இருந்தது. ராபின்சன் எழுதி மிராக்கிள்ஸ் முன்னரே பாடியிருந்த 'ஹூ'ஸ் லவிங் யூ' இத்தொகுப்பில் மீண்டும் பாடப்பட்டது. கோர்டியின் 'ஜோபீட்' பதிப்பகத்திற்கு உரிய பாடல்களை வெவ்வேறு குழுக்களைக் கொண்டு பாடவைப்பது மோடவுனில் வழக்கமாக இருந்தது. கைவசம் இருந்த பதிவுகளும் உரிமையுள்ள பாடல்களும் சேர்ந்தே வெற்றிப் பாடலற்ற ஒரு தொகுப்பைச் சாத்தியமாக்கின எனக் கருத இடமுண்டு.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒலிப்பதிவுச் செலவைக் கலைஞரின் உரிமைத்தொகையிலிருந்து ஈடுசெய்துகொள்வது அக்கால ஒப்பந்த நடைமுறை. விற்காத தட்டு நிறுவனத்திற்கு இழப்பு. பாடியவர்களுக்கோ அது கணக்கில் ஏறிய கடன்.

குரல்களின் பங்கீடு

பிற்காலச் சுப்ரீம்ஸ் என்றவுடன் ராஸின் தலைமைக் குரலும், அதன் பின்னணியில் ஒலிக்கும் இரு குரல்களுமே நினைவுக்கு வரும். முதல் தொகுப்பில் அவ்வமைப்பு முடிவாகவில்லை. பெரும்பாலான பாடல்களை ராஸ் முன்னின்று பாடினாலும், 'பட்டர்டு பாப்கார்ன்' பல்லார்டின் அழுத்தமான குரலில் அமைந்தது. 'பேபி டோன்ட் கோ' பாடலில் வில்சன் தலைமைக் குரலானார். அதாவது, வெவ்வேறு குரல்கள் தலைமை தாங்கும் குழுவாகவே இளம் சுப்ரீம்ஸ் இயங்கியது.

ராஸை நிலையான தலைமைப் பாடகியாக ஆக்கும் முடிவைக் கோர்டி 1963 இறுதியில் எடுத்தார். 1964இல் 'வேர் டிட் அவர் லவ் கோ' முதலிடம் பெற்றபின் அம்முடிவு தவிர்க்கவியலாததுபோல் தோன்றலாயிற்று. 1967இல் குழுவின் பெயர் ராஸை முன்னிறுத்தி மாற்றப்பட்டது. அதே ஆண்டில் பல்லார்ட் விலக்கப்பட்டார். இந்நிகழ்வுகளிலிருந்து பின்னோக்கி வாசிக்கும்போது பல்லார்டின் தலைமைக் குரல் ஒரு விதிவிலக்காகத் தெரிகிறது. 1962இல் நின்று கேட்டால், அது குழுவின் முன் இருந்த மெய்யான தெரிவுகளுள் ஒன்று.

அட்டையில் இடம்பெறாத குரல்

பார்பரா மார்ட்டின் 1962இன் முற்பகுதியில் குடும்ப வாழ்வை முன்னிட்டுக் குழுவிலிருந்து விலகினார். எஞ்சிய மூவரும் புதிதாக ஒருவரைச் சேர்க்காமல் தொடர்ந்தனர். டிசம்பரில் வெளிவந்த தொகுப்பின் அட்டைப்படத்தில் மூவரே காணப்படுகின்றனர். ஆனால் 1961இல் வெளிவந்த சிறுதட்டுகளின் பதிவுகள் நால்வர் பாடியவை. கண்ணுக்கு மூவர், செவிக்கு நால்வர். தொகுப்பின் தலைப்பு குழுவை அறிமுகம் செய்வதாக அமைந்திருக்க, பாடிய ஒருவர் அவ்வறிமுகத்திலிருந்து விடுபட்டுள்ளார்.

இதனைத் தனிநபர்களின் வஞ்சகமாகக் கொள்ள வேண்டியதில்லை. விற்பனைக்கு வரும் அட்டை, மேடையில் நிற்கவிருக்கும் குழுவையே காட்ட முற்படும். ஒலிப்பதிவு நாளுக்கும் வெளியீட்டு நாளுக்கும் இடைப்பட்ட காலமே இம்மறைவுக்கு வழிவகுத்தது. இசைக்கலைஞர்களின் நிலையும் இத்தகையதே. 'ஃபங்க் பிரதர்ஸ்' என அறியப்படும் மோடவுன் வாத்தியக் கலைஞர்கள் நெடுங்காலம் தட்டுறைகளில் பெயர் குறிக்கப்படாமலேயே வாசித்தனர். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பு 1971இல்தான் அவர்களைப் பெயர் சுட்டிச் சிறப்பித்தது.

முடிவுரை

'மீட் தி சுப்ரீம்ஸ்' தொகுப்பை 1964இன் நிழலிலிருந்து விடுவித்து நோக்கும்போது மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, அக்காலச் சூழலில் முதல் தொகுப்பு என்பது கலைஞரின் தொடக்க அறிக்கையாக அல்லாமல், நிறுவனத்தின் கையிருப்பிலிருந்து தொகுக்கப்பட்ட பொருளாகவும் அமையக்கூடும். இரண்டாவது, குழுவின் குரல் அமைப்பு பிறவியிலேயே வந்ததன்று. வணிக முடிவால் பின்னர் நிலைநிறுத்தப்பட்டது. மூன்றாவது, இசைத்தட்டின் அட்டையும் ஒலியும் வெவ்வேறு காலங்களைச் சுட்டும் இருவேறு சான்றுகள்.

ஆகவே, இசைத்தட்டுகளை வரலாற்று மூலங்களாகக் கொள்ளும் ஆய்வுகள் வெளியீட்டு ஆண்டோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு பாடலின் பதிவுக் காலத்தையும் அன்று பாடியோரையும் தனித்தனியே நிறுவுதல் வேண்டும். அவ்வாறு செய்யாதவிடத்து, அட்டையில் உள்ளவர்களே பாடியவர்கள் என்னும் பிழை வரலாறாகிவிடும். மார்ட்டினின் குரல் தொலைந்த ஒன்றன்று. அத்தட்டு சுழலும் ஒவ்வொரு முறையும் அது ஒலிக்கிறது. விடுபட்டது பெயர் மட்டுமே.