தறியிலிருந்து டாக் வரை: திரைப் புள்ளிகளின் கதை

லினக்ஸ் போட்ட லேப்டாப். மேஜை மேல் ஒரு பெரிய மானிட்டர். இரண்டுக்கும் நடுவில் டாக்கிங் ஸ்டேஷன். கம்பியைச் செருகியதும் படம் வருகிறது. ஆனால் எழுத்தெல்லாம் மங்கல், வட்டம் போட்டால் முட்டையாகத் தெரிகிறது! செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் 1024×768-க்கு மேல் எதுவுமே இல்லை. "லினக்ஸ்னாலே இப்படித்தான்" என்று பலர் அன்றைக்கே அதை அழித்துவிடுகிறார்கள்.

உண்மையில் குற்றவாளி யார்? அதைக் கண்டுபிடிக்க இந்த ரெசல்யூஷன் சமாச்சாரத்தின் வரலாறு கொஞ்சம் தெரிந்தால் போதும். அதன் முன்கதையைக் காஞ்சிபுரத்துத் தறியிலேயே பார்க்கலாம்.

காஞ்சிபுரத்துப் புள்ளிகள்

காஞ்சிப் பட்டின் கரையில் வரும் அன்னம், மயில், ருத்ராட்சம் எல்லாம் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் பிறக்கின்றன. ஒரு கட்டம் என்றால் ஒரு பாவு இழையும் ஒரு ஊடை இழையும் சந்திக்கும் இடம். இன்றைய மொழியில் சொன்னால் ஒரு பிக்சல்!

அந்தக் காலத்தில் டிசைனை நூல் முடிச்சுகளாகவே தறியில் கட்டி வைத்து, ஒருவர் கூட இருந்து இழுத்துக் கொடுக்கும் 'அடை' முறை இருந்தது. பின்னாளில் ஜக்காடு பெட்டி வந்தது. பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய அந்த இயந்திரம், துளையிட்ட அட்டைகளைப் படித்து எந்த இழையைத் தூக்குவது என்று முடிவு செய்யும். 1839-ல் லியோனில் சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு ஜக்கார்டின் உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள்.

பெட்டியில் 120 கொக்கி, 240 கொக்கி என்று கணக்கு உண்டு. 240-க்குப் போட்ட டிசைனை 120 கொக்கிப் பெட்டியில் ஏற்றினால் பாதி டிசைனுக்கு இடமே இருக்காது. ஒரு அங்குலத்துக்கு எத்தனை பாவு, எத்தனை ஊடை என்று தெரியாமல் வரைந்தால் அன்னம் நீண்டு கொக்காகிவிடும். ஆகவே டிசைன் போடுபவர் முதலில் கேட்கும் கேள்வி, "தறி என்ன கணக்கு?" என்பதுதான். இந்தக் கேள்வியைக் கம்ப்யூட்டர் கேட்கக் கற்றுக்கொண்ட கதைதான் மீதி.

மனிதன் எழுதிக் கொடுத்த காலம்

லினக்ஸ் 1991-ல் பிறந்தது. அதற்குப் படம் காட்டும் எக்ஸ்ஃப்ரீ86 மென்பொருள் 1992-ல் வந்தது. அதற்கு மானிட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. எத்தனை புள்ளி, எத்தனை வரி, எந்த அதிர்வெண் என்பதையெல்லாம் 'மோட்லைன்' என்ற வரியாக மனிதனே கோப்பில் எழுத வேண்டும். தப்பான எண்ணைக் கொடுத்தால் பழைய டியூப் மானிட்டர் கெட்டுப்போகலாம் என்ற எச்சரிக்கை வேறு!

மானிட்டர் வாய் திறந்தது

1994-ல் வீசா என்ற தர அமைப்பு ஈடிஐடி என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மானிட்டருக்குள் ஒரு சின்ன நினைவகம். அதில் 128 பைட் தகவல். தயாரித்தது யார், என்னென்ன ரெசல்யூஷன் தாங்கும் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். படம் போகும் அதே கேபிளில் உள்ள மெல்லிய கம்பி வழியாகக் கம்ப்யூட்டர் அதைப் படித்துக்கொள்ளும்.

2004-ல் உரிமத் தகராறில் எக்ஸ்ஃப்ரீ86-லிருந்து எக்ஸ்.ஆர்க் பிரிந்தது. 2007-ல் ராண்டர் 1.2 வந்த பிறகு, ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய மானிட்டரைச் சேர்க்க முடிந்தது. 2009-ல் இன்டெல் சிப்புகளுக்கு இந்த வேலையை லினக்ஸ் கெர்னலே ஏற்றுக்கொண்டது. மோட்லைன் எழுதும் காலம் பெரும்பாலும் முடிந்தது.

இங்கேதான் அந்த 1024×768-ன் ரகசியம். ஈடிஐடி கிடைக்காவிட்டால் கெர்னல் ஊகம் செய்து ஆபத்தை வரவழைக்காது. எல்லா மானிட்டரும் தாங்கக்கூடிய சில சிறிய அளவுகளை மட்டும் காட்டும். அதன் உச்சம் 1024×768. ஆக, அந்த எண்ணைக் கண்டால் "லினக்ஸால் முடியவில்லை" என்று அர்த்தமில்லை. "மானிட்டர் சொன்னது என் காதில் விழவில்லை" என்றுதான் அர்த்தம்.

நடுவில் வந்த தரகர்

டாக் புதிய பொருளல்ல. ஆப்பிள் 1992-லேயே பவர்புக் டுவோவுக்கு ஒரு டாக் விற்றது. ஆனால் இன்றைய டாக் வெறும் பிளக் பலகை அல்ல, விஷயத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகும் தரகர். தரகர்களில் மூன்று ரகம் உண்டு.

முதல் ரகம், டைப்-சி வழியாக டிஸ்ப்ளேபோர்ட் சிக்னலை அப்படியே அனுப்புவது. டைப்-சி 2014-ல் வந்தது. படத்துக்கு அதில் நான்கு தடங்கள். அதே கம்பியில் வேகமான யூஎஸ்பியும் ஓடினால் படத்துக்கு இரண்டு தடமே மிஞ்சும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் அதன் கொள்ளளவு நொடிக்கு 8.64 கிகாபிட். நொடிக்கு 60 தடவை 4கே படம் காட்டச் சுமார் 12 கிகாபிட் வேண்டும். உழக்குக்குள் படியை ஊற்ற முடியுமா? அதனால்தான் 30 ஹெர்ட்ஸோ, சிறிய ரெசல்யூஷனோ வருகிறது.

இரண்டாவது, ஒரே சிக்னலைப் பல மானிட்டருக்குப் பங்கு போடும் எம்எஸ்டி ரகம். 2010-ல் வந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2 தந்த வசதி இது. லினக்ஸுக்கு 2014-ல்தான் கிடைத்தது. இருக்கும் கொள்ளளவை எல்லா மானிட்டரும் பங்கு போட்டுக்கொள்ளும்.

மூன்றாவது டிஸ்ப்ளேலிங்க். இது படத்தைச் சுருக்கி, சாதாரண யூஎஸ்பி தகவலாக அனுப்பும். இதற்குத் தனி டிரைவர் வேண்டும். லினக்ஸுக்கு நிறுவனமே டிரைவர் வெளியிட்டது 2015-ல். கெர்னல் அப்டேட் ஆனதும் திரை இருண்டால், டிரைவரின் கெர்னல் பகுதியை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

சோதனையும் அதே வரிசையில்

1. தரகரை விலக்குங்கள். லேப்டாப்பிலிருந்து மானிட்டருக்கு நேரடிக் கேபிள். சரியாக வந்தால் குறை டாக்கிலோ அதன் கேபிளிலோ இருக்கிறது.

2. 1024×768 மட்டும் வந்தால் ஈடிஐடி தொலைந்திருக்கிறது. கேபிளை மாற்றுங்கள், டாக்கை மின்சாரம் நிறுத்தி மறுபடி போடுங்கள், அதன் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள்.

3. 4கே வருகிறது, ஆனால் 30 ஹெர்ட்ஸ் மட்டும் என்றால் அது கொள்ளளவுக் குறை. டாக்கின் ஹெச்டிஎம்ஐ 1.4 ரகமாகவும் இருக்கலாம். எந்தக் கட்டளையும் இதைச் சரிசெய்யாது.

4. பழைய முறைப்படி ராண்டரில் மோட்லைன் சேர்ப்பது கடைசி வழி. அது எக்ஸில்தான் பலிக்கும். இப்போது பல லினக்ஸ்களில் வேலாண்டுதான் இயல்பாக ஓடுகிறது. அங்கே இது பலிக்காது. அங்கே கெர்னலுக்கே ஈடிஐடி கோப்பை எழுத்து வடிவில் கொடுக்காமல் அசல் பைனரியாகவே கொடுக்கலாம்.

முடிவுரை

2011 செப்டம்பர் 15, காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணாவின் பிறந்தநாளில், தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. தொடக்க காலத்தில் தந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. வீட்டில் முதல் கம்ப்யூட்டரைப் பார்த்த மாணவர்களுக்குக் காசில்லாமல் கிடைத்த மென்பொருள் அது. இப்படிப்பட்ட ஒன்றை ஒரு கேபிள் செய்த தப்புக்காகக் கைவிடுவது எவ்வளவு பெரிய நஷ்டம்!

காஞ்சிபுரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழுவே இருக்கிறது. இணையத்தின் வழியாகவும் கூடித் தமிழிலேயே பேசுகிறார்கள். அங்கே போய் "படம் சரியாக வரல" என்று மட்டும் சொல்லாமல், டாக் எந்த ரகம், நேரடிக் கேபிளில் என்ன வந்தது, எக்ஸா வேலாண்டா என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பதில் சீக்கிரம் கிடைக்கும். டிசைன் போடுபவர் தறிக் கணக்கைக் கேட்டுவிட்டுத்தானே பென்சிலை எடுக்கிறார்?